ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரு ஹெல்மெட்

1991-இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு தந்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. விழாமல் யார் சைக்கிள் பழகியது? ஆனால் அந்த வரலாற்றில் ஹெல்மெட் எங்கும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அப்படி விழுவதற்காகத்தான் சைக்கிள் ஹெல்மெட்டே செய்யப்படுகிறது. ஐரோப்பியத் தரநிலை இஎன் 1078-இன்படி, பொம்மைத் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, சமதளத்தில் மோதவிடும் வேகம் விநாடிக்கு 5.42 மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், மணிக்கு 19.5 கிலோமீட்டர்.

உள்ளே இருப்பது டிவி பெட்டியில் வரும் அதே தெர்மாகோல் வகைதான், கொஞ்சம் அடர்த்தியாக. மண்டை நேராகத் தார்ச்சாலையில் மோதினால் இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும் என்று வையுங்கள். தலை தாங்கவேண்டிய சராசரி விசை, அதன் எடையைப்போல் 750 மடங்கு. தெர்மாகோல் நசுங்கி இரண்டு சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் அது 75 மடங்காகிறது. ஹெல்மெட் வேகத்தைக் குறைப்பதில்லை, நிற்பதற்குத் தூரம் தருகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

பலன் உண்டா? விபத்தில் சிக்கிய 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகள் பற்றிய 40 ஆய்வுகளை ஒலிவியர், கிரைட்டன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016-இல் தொகுத்தார்கள். ஹெல்மெட் அணிந்தவர்களுக்குப் பலத்த தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவீதம் குறைவு. கழுத்துக்கு நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. கை, கால், இடுப்பு அதன் பொறுப்பே அல்ல.

இனி அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர் வட்டத்துக்கு வருவோம். கீரனூர் வழியாகத் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலை போகிறது. அங்கே சைக்கிளுக்கு ஆபத்து பின்னால் வருகிற பேருந்தும் லாரியும்தான். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும்: 20 கிலோமீட்டர் 60 ஆனால் ஒன்பது மடங்கு. இரண்டு சென்டிமீட்டர் தெர்மாகோல் அதற்கு எந்த மூலை? ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலையோரத்தில் சைக்கிளுக்கு அகலமான இடமும், ஊருக்குள் வண்டிகளுக்கு வேகக்கட்டுப்பாடும் செய்யவேண்டிய வேலையை ஒரு தொப்பியின் தலையில் கட்டக்கூடாது. ஹெல்மெட் அரிதாகவே தென்படும் நெதர்லாந்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டார்கள்.

கட்டாயச் சட்டம்? நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான், மிதிவண்டிக்கு அல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் 1990 ஜூலையில் சைக்கிளுக்கும் கட்டாயமாக்கியது. தலைக்காயங்கள் குறைந்தன, சைக்கிள் மிதிக்கும் பதின்வயதினரும் குறைந்தார்கள். எதனால் எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1991-இல் இங்கே அப்படியொரு சட்டம் இருந்திருந்தால், கூலிக்காசில் வாடகை சைக்கிள் எடுத்த பெண்ணை அது வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கும் என்பது என் எண்ணம். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரும் சைக்கிளோடு ஒரு ஹெல்மெட்டையும் தருவது வேறு விஷயம், அதை வரவேற்பேன்.

வாங்குகிறவர்கள் கவனிக்க: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்கவேண்டும், நெற்றி தெரிய ஏற்றிப்போட்டால் பயனில்லை. உச்சிக்கொண்டைமேல் சரியாக உட்காராது, பின்னலைத் தாழப்போடுங்கள். அப்பாவின் பைக் ஹெல்மெட் கனம், புழுக்கம். பிள்ளை தெருமுனையிலேயே கழற்றிவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், உள்ளே நசுங்கியிருக்கும். நசுங்கியது மறுபடி எழும்பாது, வேறு வாங்குங்கள்.