செட்யூல் வந்ததா?

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் காலையில் இரண்டு பக்கமும் கூட்டம்தான். சென்னைப் பக்கம் ஏறுகிறவர்களில் பலர் ஆவடியிலோ பட்டரைவாக்கத்திலோ அம்பத்தூரிலோ இறங்கிக் கம்பெனிக்குப் போவார்கள். எதிர்ப்பக்கம் ஏறுகிறவர்களுக்குத் திருவள்ளூர், காக்களூர். ஆட்கள் ரயிலில் போக, சரக்கு சாலையில் போகிறது. லேத் பட்டறையில் கடைந்த புஷ் என்ற ஒரு சிறு உதிரிபாகம் குட்டி யானை வண்டியில் ஏறி வேறொரு கம்பெனிக்குப் போகும். அங்கே ஓர் அசெம்பிளிக்குள் சேர்ந்து, கடைசியில் எண்ணூரிலோ ஒரகடத்திலோ ஒரு வண்டிக்குள் உட்காரும். அந்தப் புஷ்ஷின் விலை சில ரூபாய்தான். ஆனால் அது வராவிட்டால் வண்டி லைன் நின்றுவிடும்.

இந்தப் பட்டறைகளில் ஓயாமல் காதில் விழுகிற கேள்வி, "செட்யூல் வந்துச்சா?" எந்த பார்ட், எத்தனை, எந்தத் தேதிக்கு என்று வாங்கும் கம்பெனி அனுப்புகிற பட்டியல்தான் செட்யூல். சப்ளை செயின் மேலாண்மை என்ற பெரிய பெயருக்குள் இருப்பதும் இந்தக் கேள்விதான். அதற்கு உரிய நேரத்தில் உண்மையான பதில் கிடைக்கச் செய்வதே தகவல் தொழில்நுட்பத்தின் முதல் வேலை. ரோபோவும் செயற்கை நுண்ணறிவும் அப்புறம் வரட்டும்.

பதில் சரியாக வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-இலேயே விளக்கிவிட்டார். 1997-இல் ஸ்டான்ஃபோர்டின் ஹாவ் லீயும் சக ஆய்வாளர்களும் அதை 'புல்விப்' விளைவு என்ற பெயரில் ஆராய்ந்து எழுதினார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விற்பனை கொஞ்சம் ஏறியதும் வண்டிக் கம்பெனி 1,000-க்குப் பதில் 1,050 கேட்கிறது. அதற்கு சப்ளை செய்பவர், எதற்கும் இருக்கட்டும் என்று தனக்குக் கீழே உள்ளவரிடம் 1,150 கேட்கிறார். அவர் அடுத்தவரிடம் 1,300. கம்பிக்கு ஆர்டர் போகும்போது அது 1,500 ஆகிவிடுகிறது. அடுத்த மாதம் விற்பனை பழைய நிலைக்குத் திரும்பினால், கடைசியில் இருக்கும் பட்டறையில் நூற்றுக்கணக்கான உருப்படிகள் துருப்பிடித்துக் கிடக்கும். அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரின் ஆர்டரை மட்டும் பார்த்தார், அவ்வளவுதான். வண்டிக் கம்பெனியின் உற்பத்தித் திட்டம் கடைசிப் பட்டறைக்காரரின் செல்போனிலும் தெரிந்திருந்தால் இந்த நஷ்டம் நேர்ந்திருக்காது.

டீக்கடையில் காசு கொடுக்க நாம் ஸ்கேன் செய்கிற க்யூஆர் கோடு, பிறந்ததே உதிரிபாகத்துக்காகத்தான். ஒரு பெட்டிக்குப் பல பார்கோடுகளை ஸ்கேன் செய்து தொழிலாளிகள் சலித்துப் போகிறார்கள் என்று, ஜப்பானின் டென்சோவில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994-இல் இதை உருவாக்கியது. இன்று டிஸ்பாட்ச்சுக்கு நிற்கும் ஒரு பெட்டியின் லேபிளைப் பாருங்கள். பார்ட் நம்பர், எண்ணிக்கை, இன்வாய்ஸ் எண், தேதி இருக்கும். அதோடு ஹீட் நம்பரும் இருந்தால் அந்த லேபிளுக்கு மதிப்பே வேறு. இரும்பு எந்த உருக்கில் வந்தது என்று சொல்கிற எண் அது. நாளைக்கு ஒரு புஷ் விரிசல் விட்டால், அதே ஹீட்டில் வந்த பெட்டிகளை மட்டும் தனியே எடுத்துவிடலாம். எண்ணைப் பதிவு செய்யாத பட்டறை, மாதம் முழுக்க அனுப்பிய சரக்கையும் ஆள் வைத்துப் பொறுக்க வேண்டியதுதான்.

அரசின் கட்டாயத்தாலும் கணினி இந்தப் பகுதிக்குள் வந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூரில் வணிகவரிச் சோதனைச் சாவடிக்காக லாரிகள் வரிசையில் நின்ற காலம் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸும் வந்துவிட்டது. ஆக, சிறிய கம்பெனிகளிலும் சரக்கின் விவரம் இன்று மின்வடிவில் இருக்கிறது. ஆனால் அதே விவரத்தை டாலியில் ஒரு முறை, வாங்கும் கம்பெனியின் போர்ட்டலில் ஒரு முறை, எக்ஸெல்லில் ஒரு முறை என்று ஒரே பையன் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறான். ஓர் எண் தவறினாலும் கேட்டில் வண்டி நிற்கும். இவற்றை ஒன்றோடொன்று பேசவைப்பது இன்று பெரிய செலவுள்ள வேலை இல்லை.

சாஃப்ட்வேர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. கிளவுட் என்ற பேச்சே தொழிற்சாலைகளில் இல்லாத காலம் அது. எண்ணி வைப்பது, எழுதி வைப்பது, இருக்கிற இடத்தில் இருப்பது என்ற ஒழுங்கு அங்கே முதலில் வந்தது. ஸ்டோர்ஸில் 400 இருக்க, கணினி 650 என்று காட்டினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரும் தவறான ஆர்டரைத்தான் போடும்.

சரக்கு போனால் போதுமா, பணம் வர வேண்டாமா? குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ட்ரெட்ஸ் தளங்களில் பில்லை ஏற்றி, வாங்கிய கம்பெனி அதை ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு அதற்கு முன்பணம் கொடுக்கும். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் அதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. சேர்ந்தால் மட்டும் போதாது. வந்த பில்லை அந்தக் கம்பெனி உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கிளிக்குக்காகக் காத்திருக்கும் முதலாளிகள்தான் வாரச் சம்பளத்துக்கு வெளியே கைமாற்று வாங்குகிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் வெள்ளம் புகுந்து எந்திரங்கள் தண்ணீரில் நின்றன. எந்த பார்ட் எந்த வெண்டரிடம் எவ்வளவு இருக்கிறது, மாற்று யார் என்ற பட்டியல் அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால், அப்படி ஒரு நாளில் அது எதற்கும் உதவாது. அதை வெளியே, கிளவுடில் வைப்பது இந்தத் தாழ்வான பகுதிகளுக்கு அத்தியாவசியம்.

பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நேரடி வெண்டருக்குக் காட்டுகிற மூன்று மாதத் திட்டத்தை, அவருக்குக் கீழே உள்ள பட்டறைக்கும் காட்டுங்கள். செட்யூல் மாறினால் அன்றைக்கே சொல்லுங்கள். பட்டறை நடத்துகிறவர்களே, இந்தச் சனிக்கிழமை ஓர் அலமாரியை எடுத்துக்கொண்டு அதில் உள்ளதை எண்ணி, கணினியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாஃப்ட்வேர் விற்பவரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.