பழைய காடிக்குக் குளிர்ச்சி வேண்டுமா?



உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காடியின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்களா? இருக்கை தொடையைச் சுடும். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று வரும், உண்மைதான். ஆனால் அந்தக் காற்றோடு செம்பனை லோரி கிளப்பும் புழுதியும் வரும், அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் எரியும் புகையும் வரும். தஞ்சோங் காராங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"ஏர்கோன் உள்ள புதுக் காடி வாங்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். மாதத் தவணை கட்ட முடிந்தவர்கள் வாங்கட்டும். முடியாதவர்கள் என்ன செய்வது? உடைந்த காடியிலிருந்து கழற்றிய ஏர்கோன் சாமான்களை நம் பழைய காடியில் பொருத்திக்கொள்ளலாம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதில் எனக்கு அனுபவம் உண்டு. பெருமைப்படக்கூடிய அனுபவம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அண்ணனும் அவர் தாயாரும்

எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் விட்டுப் போன டட்சன் 120ஒய் காடியை இன்றும் வைத்திருக்கிறார். 1970-களில் நம் நாட்டுச் சடக்குகளில் எங்கு பார்த்தாலும் ஓடிய காடி அது. 1171 சிசி இஞ்சின், உழைப்புக்கு அஞ்சாதது. ஆனால் அண்ணனுடைய காடியில் ஏர்கோன் கிடையாது.

அண்ணனின் தாயாருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் கிள்ளானுக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்குப் போக வேண்டும். போக ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வர அதே தூரம். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு எழுந்தால் உடம்பு துவண்டுவிடும். இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும் உண்டு. அந்த நிலையில் பகல் வெயிலில், கொதிக்கும் காடியில் வீடு திரும்ப வேண்டும்.

"சார், எங்கம்மா ஊட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள துவண்டு போயிடுறாங்க. இந்தக் காடியில ஏர்கோன் போட முடியுமா? நீங்க படிச்சவங்க, விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

விசாரித்தேன். முடியும் என்று தெரிந்தது.

குளிர் எங்கிருந்து வருகிறது?

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலிலுள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏர்கோன் செய்வதும் இதே வேலைதான். ஸ்பிரிட்டுக்குப் பதிலாக, மூடிய குழாய்களுக்குள் ஒரு கேஸ் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

இஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த கம்பிரசர் அந்தக் கேஸை அழுத்துகிறது. சைக்கிள் பம்பு அடித்தால் அடிப்பகுதி சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட கேஸும் சூடாகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளியேறிக் கேஸ் திரவமாகிறது. திரவம் டிரையர் என்னும் குப்பியைக் கடந்து, வால்வின் ஊசிமுனை போன்ற துவாரம் வழியாகக் கூலிங் காயிலுக்குள் பாய்ந்து ஆவியாகிறது. காடிக்குள் இருக்கும் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ள, விசிறி அந்தக் குளிர்ந்த காற்றை நம் முகத்தில் வீசுகிறது. பிறகு கேஸ் கம்பிரசருக்கே திரும்புகிறது.

தொழிற்சாலையிலேயே ஏர்கோன் பொருத்தி விற்ற முதல் காடி, அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்டது. கூலிங் காயில் காடியின் பின்பகுதியில் இருந்தது. குளிர் போதும் என்றால் ஓட்டுநர் இறங்கி, மூடியைத் திறந்து, கம்பிரசர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! அந்தச் சிரமத்தோடு ஒப்பிட்டால் நம் வேலை எளிதுதான்.

சாமான் எங்கே கிடைக்கும்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விபத்தில் நசுங்கிய உள்ளூர்க் காடிகளை உடைத்து விற்கும் கடைகள். மற்றொன்று, ஹாப்கட் கடைகள். ஜப்பானில் காடிகளுக்கு முதல் சோதனை மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயம். செலவு அதிகம் என்பதால் நன்றாக ஓடும் காடியைக்கூடப் பலர் கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழித்த காடிகளை முன்பாதியாக வெட்டி நம் நாட்டுக்கு அனுப்புகிறார்கள். இஞ்சின், ரேடியேட்டர், ஏர்கோன் எல்லாம் ஒன்றாகவே வந்துவிடும்.

கடைக்காரர், "இஞ்சினையும் மாற்றிக்கொள்ளுங்களேன்" என்று ஆசை காட்டினால் உடனே தலையாட்டாதீர்கள். இஞ்சின் மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை.

சிறிய இஞ்சினுக்குச் சிறிய கம்பிரசர்தான் பொருந்தும். பெரிய காடியின் கம்பிரசரை மாட்டினால் மேட்டில் காடி மூச்சு வாங்கும். ஆகவே, உடைக்கப்பட்ட பெரோடுவா கஞ்சிலின் கம்பிரசரையும் கண்டென்சரையும் எடுத்தோம். கஞ்சிலின் கூலிங் காயில் டட்சனுக்குள் அடங்காது. பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய, டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் பெட்டி கிடைத்தது.

நான் சொன்ன தப்பான யோசனை

இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். டிரையர் புதிதாக வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடைத் தவுக்கேயோ பழைய டிரையரைத் துடைத்துக் காட்டி, "மாசே பாகுஸ்!" என்றார். நானும், "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, அண்ணே? ஐம்பது வெள்ளியை எதற்கு வீணாக்க வேண்டும்?" என்றேன். படித்தவன் சொல்கிறேனே என்று அண்ணன் கேட்டுக்கொண்டார்.

சாமான்களைப் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் மாட்டினோம். ஜில்லென்று காற்று வந்தது. பெரியம்மா, "ஆஸ்பத்திரி ரூம்பு மாதிரி இருக்கே!" என்று சிரித்தார்.

சில வாரங்களில் ஒரு கோளாறு தொடங்கியது. பத்து நிமிடம் குளிரும், பிறகு நின்றுவிடும். அணைத்து வைத்துவிட்டு மறுபடி போட்டால் மீண்டும் குளிரும். "பழைய சாமான் அப்படித்தான்" என்று விட்டுவிட்டோம். மூன்றாம் மாதம், கிள்ளானிலிருந்து திரும்பும்போது, ஜெராம் அருகில் கம்பிரசர் கிறீச்சிட்டு இறுகிப் போனது. பெல்ட் கருகி அறுந்தது. அறுந்த பெல்ட் ரேடியேட்டர் விசிறியின் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போனதால், காடி சடக்கோரத்தில் நின்றுவிட்டது. பகல் ஒரு மணி, நிழல் கிடையாது. பெரியம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. அவ்வழியே வந்த லோரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார். பெரியம்மா பிழைத்தார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அந்த ஐம்பது வெள்ளி யோசனை என்னுடையதல்லவா?

என்ன நடந்தது?

புதுக் காலணிப் பெட்டிக்குள் ஒரு சிறு பொட்டலம் இருக்குமே, ஈரத்தை உறிஞ்சுவதற்கு? டிரையருக்குள்ளும் அப்படிப்பட்ட பொருள்தான் இருக்கிறது. குழாய் திறந்தபடி கடையில் கிடந்த டிரையர், நம் நாட்டு ஈரக் காற்றையெல்லாம் உறிஞ்சி நிறைந்துவிட்டிருக்கும். அதற்கு மேல் உறிஞ்ச அதற்குச் சக்தியில்லை. உள்ளே தங்கிய ஈரம் வால்வின் சிறு துவாரத்தில் பனிக்கட்டியாகி அடைத்தது. அதனால்தான் குளிர் நின்றது. பனி உருகியதும் மீண்டும் குளிர்ந்தது. காடி எங்களுக்கு நோயின் அறிகுறியைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதே ஈரம் கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகிக் கம்பிரசரையும் தின்றுவிட்டது.

இரண்டாம் முறை, ஏர்கோன் வேலையிலேயே தலை நரைத்த ஒரு பெரியவரிடம் போனோம். அவர் கற்றுத்தந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

பழையதாக வாங்கலாம்: கம்பிரசர், கண்டென்சர், கூலிங் காயில் பெட்டி, தாங்கும் இரும்புகள். கம்பிரசரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். கறுத்திருந்தாலோ, இரும்புத்தூள் மின்னினாலோ வேண்டாம். குழாய் வாய் மூடி வைத்திருக்கும் சாமானாகத் தேடுங்கள்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும்: டிரையர், ரப்பர் வளையங்கள், பெல்ட், எண்ணெய். வால்வும் புதிதானால் நல்லது. ரப்பர் குழாய்களை நம் காடியின் அளவுக்குப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

கேஸ் அடிப்பதற்கு முன், பம்பு வைத்துக் குழாய்க்குள் உள்ள காற்றை முக்கால் மணி நேரமாவது உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றை உறிஞ்சிவிட்டால் தண்ணீர் அடுப்பில்லாமலே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். பிறகு பம்பை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். அளவுமானியின் முள் அசையாவிட்டால் ஒழுகல் இல்லை என்று பொருள். "பத்து நிமிடம் போதும், தம்பி" என்று சொல்லும் பட்டறையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

எந்தக் கேஸ்?

அக்காலக் காடிகளில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அவ்வகைக் கேஸ்கள் பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-இல் எச்சரித்தார்கள். 1987-இல் மொன்றியல் உடன்படிக்கை ஏற்பட்டது. மலேசியா 1989-இல் அதில் சேர்ந்தது. 1990-களில் ஆர்-134ஏ கேஸ் வந்தது. இரண்டுக்கும் வெவ்வேறு எண்ணெய், கலக்கக் கூடாது. எந்தக் கேஸ் என்று சாமான் கழற்றிய காடியின் முன்மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் தாளில் பார்த்து, அதற்கேற்ற சாமானாக வாங்குங்கள். மலிவாக இருக்கிறதென்று சமையல் கேஸை அடிக்க யாராவது முன்வந்தால் விடாதீர்கள். ஒழுகினால் காடிக்குள் தீப்பற்றும்.

இஞ்சின் தாங்குமா?

கண்டென்சரின் சூடு நேராக ரேடியேட்டர் மேல் வீசும். ஆகவே முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். கண்டென்சருக்கு முன்னால் ஒரு மின்விசிறியும் வேண்டும். உள்விசிறி, வெளிவிசிறி, கம்பிரசரின் காந்தம் மூன்றும் சேர்ந்து 20 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் கேட்கும். பழைய ஆல்டர்னேட்டர் அதோடு இரவு விளக்கையும் தாங்குமா என்று சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் தனி பியூஸ் இருக்கட்டும். கேஸ் குறைந்தால் கம்பிரசரைத் தானாக நிறுத்தும் சுவிட்சையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

கண்ணாடியை மூடும் முன்

எல்லாம் முடிந்தது என்று நினைத்து அண்ணன் சாவிக்குக் கை நீட்டினார். பெரியவர் கொடுக்கவில்லை.

"இத்தனை வருஷமா கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டுனீங்க. எந்தப் புகை உள்ள வந்தாலும் காத்து அடிச்சிக்கிட்டுப் போயிடும். இனிமே மூடிக்கிட்டுப் போகப் போறீங்க. உள்ள என்ன வருதுன்னு பாக்க வேணாமா, தம்பி?" என்றார்.

குழாய்களைக் கொண்டுவருவதற்காக, இஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே உள்ள தகட்டில் முதல் பட்டறையில் இரண்டு ஓட்டைகள் போட்டிருந்தார்கள். அவற்றைச் சுற்றி ரப்பர் வைக்காமல் விட்டிருந்தார்கள். போதாக்குறைக்குப் புகைக்குழாய் இணைப்பில் ஒரு விரிசலும் இருந்தது. இஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரும். தூங்குகிறவர் எழாமலே போய்விடலாம். டயாலிசிஸ் முடிந்து வரும் பெரியம்மா வழியெல்லாம் தூங்குகிறவர். தூங்குகிறார் என்று நினைத்துத்தானே அண்ணன் ஓட்டியிருப்பார்?

பெரியவர் விரிசலைப் பற்றவைத்து, ஓட்டைகளை ரப்பர் வைத்து அடைத்த பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

ஆகவே, வாசகர்களே, பழைய காடிக்கு ஏர்கோன் போடுகிறவர்கள் அதே நாளில் புகைக்குழாயையும், தகட்டையும், பின்கதவு ரப்பரையும் சோதிக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் இஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்காதீர்கள். பிள்ளைகளைக் காடிக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். தலைவலி வந்தால் உடனே கண்ணாடியை இறக்குங்கள்.

இன்று அண்ணனின் டட்சன் வாரம் மூன்று முறை கிள்ளானுக்குப் போய் வருகிறது. பெரியம்மா பின்னிருக்கையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "குளிரைக் கொஞ்சம் கொறைப்பா!" என்கிறாராம். அண்ணன் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஒரு விரல் அளவு இறக்கியே வைத்திருக்கிறார்.

சிக்கனம் நல்லது. நம் பெற்றோர் நம்மை வளர்த்ததே சிக்கனத்தால்தான். ஆனால் எந்தச் சாமானைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று கேட்டறிந்து செலவு செய்யுங்கள். தெரியாவிட்டால், வாத்தியாரைக் கேட்பதை விட அந்தத் தொழில் தெரிந்தவரைக் கேளுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.