இருபது செம்முகக் குரங்குகள்

தோலில் ஒரு புண் தோன்றினால் அது ஆறுவதையும் பெருகுவதையும் கண்ணால் காணலாம். நுரையீரல் அவ்வாறு வெளிப்பட்ட உறுப்பு அன்று. அதன் நுண்ணறைகளில் கிருமி நுழைந்த முதல் நாள் என்ன நிகழ்கிறது, மூன்றாம் நாள் என்ன நிகழ்கிறது என்பதை நோயாளியின் மார்பைத் திறந்து பார்த்து அறிய இயலாது. இருமலும் காய்ச்சலும் கண்டு அவர் மருத்துவமனைக்கு வரும்போது தொற்று சில நாள் முதிர்ந்திருக்கும். ஆகவேதான் மூச்சுமண்டல நோய்களை ஆராய்வோர் விலங்குகளை நாடுகின்றனர். மனிதருக்கு வரும் நோயை ஏறத்தாழ அவ்வாறே தன் உடலில் காட்டும் விலங்கை 'மாதிரி விலங்கு' என்பர்.

'ஏறத்தாழ' என்னும் சொல்லில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. எந்த விலங்கும் மனித உடல் முழுமைக்கும் மாதிரி ஆகாது. குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு மட்டுமே மாதிரி ஆகும். ஆஸ்துமாவை எடுத்துக்கொள்ளலாம். ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் பட்டதும் கினிப்பன்றியின் மூச்சுக்குழாய்த் தசைகள் மனிதருடையவை போலவே இறுகுகின்றன. அதனால் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள் நெடுங்காலமாக அவ்விலங்கிடம் சோதிக்கப்பட்டன. சுண்டெலியின் மூச்சுக்குழாயோ ஹிஸ்டமினுக்கு அவ்வளவாக இறுகுவதில்லை. ஆயினும் ஒவ்வாமை உடலுக்குள் எவ்வாறு உருவாகிறது என்று கேட்டால், மரபணுக்கள் நன்கு அறியப்பட்ட சுண்டெலியே பெரிதும் உதவுகிறது. ஒரே நோய்க்கு இரு கேள்விகள், இரு விலங்குகள்.

2020ஆம் ஆண்டு புனே நகரில் இச்சிக்கல் மிகுந்த அவசரத்தோடு எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய வைராலஜி நிறுவனம் அங்கே அமைந்துள்ளது. 1952இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பெற்ற நிறுவனம் அது. குரங்குகளோடு அதற்குள்ள தொடர்பு பழையது. 1957இல் இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகாக் காடுகளில் குரங்குகள் கூட்டமாக மடிந்தபோது, காரணத்தைத் தேடிச் சென்று கியாசனூர்க் காட்டு நோயின் வைரஸைக் கண்டறிந்தவர்கள் இந்நிறுவனத்தாரே. 2020 ஜனவரி 30 அன்று, ஊஹான் நகரிலிருந்து கேரளம் திரும்பிய மாணவி ஒருவரிடம் நாட்டின் முதல் கொரோனாத் தொற்று உறுதி செய்யப்பட்டதும் இங்கேதான். பின்னர் அவ்வைரஸ் இந்த ஆய்வகத்தில் பிரித்தெடுத்து வளர்க்கப்பட்டது. அதனைச் செயலிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கும் பணியை ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் மேற்கொண்டது. கோவாக்சின் என்னும் பெயரில் பின்னாளில் அறியப்பட்ட தடுப்பூசி அது.

அத்தடுப்பூசி நுரையீரலைக் காக்குமா என்பதே கேள்வி. முதலில் நினைவுக்கு வரும் சுண்டெலி இங்கே பயன்படவில்லை. கொரோனா வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய ஏசிஇ2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். வைரஸைச் சாவி என்றால் அப்புரதம் பூட்டு. சுண்டெலியின் பூட்டு அமைப்பில் சற்று வேறானது. தொடக்ககால வைரஸின் சாவி அதில் பொருந்தவில்லை. சிரிய ஹாம்ஸ்டர் என்னும் கையடக்கமான கொறிவிலங்கின் பூட்டில் அது நன்கு பொருந்தியது. வைரஸ் செலுத்தப்பட்ட ஹாம்ஸ்டர் எடை குறையும். நுரையீரலில் அழற்சி தோன்றும். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் தேறிவிடும். புனேயில் தடுப்பூசி பெற்ற ஹாம்ஸ்டர்களின் நுரையீரல்கள், பெறாதவற்றைக் காட்டிலும் நன்கு காக்கப்பட்டிருந்தன. (உலக ஆய்வகங்களில் இன்றுள்ள இவ்வகை ஹாம்ஸ்டர்களுள் பெரும்பாலானவை, 1930இல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே வயலில் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு தாயின் குட்டிகளிலிருந்து வழிவந்தவை.)

எனினும் கொறிவிலங்கு மனிதரிடமிருந்து வெகுதூரம் விலகியது. உடலமைப்பிலும் நோய் எதிர்ப்பாற்றலிலும் நெருங்கிய விலங்கு தேவைப்பட்டது. வட இந்தியாவின் கோயில்களிலும் சாலையோரங்களிலும் திரியும் செம்முகக் குரங்கே அதற்குத் தேர்வாயிற்று. தமிழகத்தில் காணப்படும் குல்லாய்க் குரங்குக்கு அது உறவினம்.

தேர்ந்தெடுப்பது எளிது, கிடைப்பது அரிதாயிற்று. 1950களில் போலியோ தடுப்பூசிப் பணிக்கென இந்தியாவிலிருந்து செம்முகக் குரங்குகள் பெருந்தொகையில் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவ்வேற்றுமதி 1978இல் தடை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் உலகுக்கே குரங்குகளை அளித்த நாடு, 2020இல் இருபது குரங்குகளுக்கு அலைய நேர்ந்தது. ஆய்வுக்கென வளர்க்கப்பட்ட செம்முகக் குரங்குகள் நாட்டில் இல்லை. காட்டில் பிடிக்கலாம் என்றால், ஊரடங்கினால் ஊர்ப்புறங்களில் உணவு கிடைக்காமல் குரங்குகள் உட்காடுகளுக்குள் சென்றுவிட்டன. மகாராஷ்டிர வனத்துறையினர் பல நாள் காடுகளில் தேடி, இறுதியில் நாக்பூர் அருகே அவற்றைக் கண்டனர்.

அடுத்த அச்சம் மனிதரைப் பற்றியது. குரங்குகள் மனிதரிடமிருந்து எளிதில் நோய் பெறக்கூடியவை. ஆய்வு தொடங்குமுன்பே பராமரிப்பாளரிடமிருந்து கொரோனா தொற்றிவிட்டால் முயற்சி முழுவதும் வீணாகும். ஆதலால் பராமரிப்பாளர்களுக்கும் அடிக்கடி பரிசோதனை நடத்தப்பட்டது. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலைகொண்ட ஆய்வகத்துக்குள், உடல் முழுவதையும் மூடும் உடையணிந்தவர்கள் பல மணி நேரம் உணவும் நீருமின்றிப் பணியாற்றினர்.

இருபது குரங்குகளும் ஐந்து ஐந்தாக நான்கு குழுக்களாயின. ஒரு குழுவுக்கு மருந்தற்ற வெறும் நீர்மம் செலுத்தப்பட்டது. ஏனைய மூன்று குழுக்களும் அளவிலும் துணைப்பொருளிலும் வேறுபட்ட மூன்று வகைத் தடுப்பூசிகளைப் பதினான்கு நாள் இடைவெளியில் இருமுறை பெற்றன. மேலும் பதினான்கு நாள் கழித்து எல்லாக் குரங்குகளின் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் உயிருள்ள வைரஸ் செலுத்தப்பட்டது. மெல்லிய குழாயை மூச்சுவழியே உட்செலுத்தி, நுரையீரலைக் கழுவிய நீர் எடுத்து ஆராயப்பட்டது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அக்குரங்குகள் உயிர்நீக்கம் செய்யப்பட்டு, நுரையீரல் திசுக்கள் நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டன. வெறும் நீர்மம் பெற்ற குரங்குகளிடம் நிமோனியா காணப்பட்டது. தடுப்பூசி பெற்றவற்றிடம் அதன் அடையாளம் இல்லை. ஏழாம் நாளுக்குள் அவற்றின் மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றிலிருந்து வைரஸ் நீங்கியிருந்தது.

2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இம்முடிவு பெரிதும் போற்றப்பட்டது. அது சொல்லாதவற்றையும் கருதிப் பார்த்தல் வேண்டும். செம்முகக் குரங்குக்குக் கொரோனா கடுமையாக வருவதில்லை. பெரும்பாலும் தானே தேறிவிடும். முதுமையும் சர்க்கரை நோயும் உடைய மனிதரின் நிலையை அது காட்டாது. இருபது விலங்குகளைக் கொண்டு அரிதான பக்க விளைவுகளையும் கண்டறிய இயலாது. எலிகளிடமும் முயல்களிடமும் நச்சுத்தன்மை சோதிக்கப்பட்டபின், மனிதரிடம் முதற்கட்டச் சோதனை ஜூலையிலேயே தொடங்கியிருந்தது. மூன்றாம் கட்டத்தில் ஏறத்தாழ 25,800 பேர் பங்கேற்றனர். நோயைத் தடுக்கும் திறன் 77.8 விழுக்காடு எனத் தெரிந்தது. அவ்வெண்ணை எந்தக் குரங்காலும் தந்திருக்க முடியாது. அது வெளிவருமுன்பே, 2021 ஜனவரி 3 அன்று தடுப்பூசிக்கு அவசரகால அனுமதி அளிக்கப்பட்டதை அறிவியலார் பலர் குறை கூறினர். அவர்கள் கேட்டதும் மனிதரிடமிருந்து வரவேண்டிய சான்றையே.

அந்த இருபது உயிர்களைக் குறித்த கேள்வியும் எஞ்சி நிற்கிறது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு இத்தகைய ஆய்வுகளைக் கண்காணிக்கிறது. ரஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர். இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்று காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. குழுவுக்கு ஐந்து குரங்குகளே போதும் என்று வரையறுத்ததில் இரண்டாம் நெறியின் சாயலைக் காணலாம். முதல் நெறிதான் கடினமானது. மனித உயிரணுக்களைச் சிறிய சில்லில் வளர்த்து, காற்றும் குருதியும் போலப் பாயும் ஓட்டங்களைச் செலுத்தி, நுரையீரலின் ஒரு துணுக்கை உருவாக்க இன்று முடிகிறது. புதிய மருந்துகளுக்கான இந்திய விதிகளும் இத்தகைய மாற்று முறைகளை ஏற்கும் வகையில் 2023இல் திருத்தப்பட்டன. அச்சில்லில் ஒரு மருந்து மூச்சறையைத் தாக்குமா என்று பார்க்கலாம். தடுப்பூசி தோளில் போடப்பட்டு, நிணநீர்க் கணுக்களில் எதிர்ப்பாற்றல் உருவாகி, அது குருதிவழி நுரையீரலை அடையும் பாதை முழுவதையும் அதில் காண இன்னும் வழியில்லை.