ஒரு சர்வர், இரண்டு முகவரி: ரேடியஸ் சந்தேகங்களும் விளக்கங்களும்

எங்கள் கல்லூரி வைஃபையில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது ஃப்ரீரேடியஸ் சர்வர். விடுதிக்குத் தனி நெட்வொர்க் போட்டதால் அதே கணினிக்கு இரண்டாவது ஐபி முகவரியும் கொடுத்தோம். இரண்டிலும் அது கேட்குமா?

கேட்கும். அமைப்புக் கோப்பில் ‘லிசன்’ என்றொரு பகுதி உண்டு. அங்கே முகவரிக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் கணினியின் எல்லா முகவரிகளிலும் கேட்கும். இரண்டு மட்டும் போதுமென்றால், முகவரிக்கு ஒரு லிசன் பகுதி எழுத வேண்டும். சரிபார்ப்பு 1812ஆம் போர்ட்டிலும் பயன்பாட்டுக் கணக்கு 1813லும் நடப்பதால் கணக்குக்கும் தனிப் பகுதி தேவை. ஆக, மொத்தம் நான்கு.

நட்சத்திரமே போட்டுவிடலாமே?

வேண்டாம் என்பேன். ரேடியஸ் நெறிமுறை பெரும்பாலும் யுடிபியில் ஓடுகிறது. அதில் நிலையான இணைப்பு கிடையாது. ஒவ்வொரு பொட்டலமும் தனி. விடுதியின் ஆக்சஸ் பாயிண்ட் எந்த முகவரிக்குக் கேள்வி அனுப்பியதோ, அதே முகவரியிலிருந்து பதில் வந்தால்தான் ஏற்கும். நட்சத்திரம் இருந்தால் சில சர்வர்களில் பதில் மற்ற முகவரியிலிருந்து கிளம்பிவிடும். சர்வரின் பதிவேட்டில் ‘அனுமதி’ என்றிருக்கும். மாணவருக்கோ இணைப்பே கிடைக்காது. பாவம், கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்து அலைவார்கள். இதைத் தடுக்கும் வசதியோடு ஃப்ரீரேடியஸைத் தொகுக்க முடியும். ஆனாலும் முகவரியை வெளிப்படையாக எழுதுவதே நல்லது.

இன்னொரு காரணம், பாதுகாப்பு. அந்தக் கணினிக்குப் பொது இணைய முகவரியும் இருந்தால் நட்சத்திரம் அங்கேயும் கதவைத் திறந்துவிடும். ரேடியஸ் நம்பியிருக்கும் எம்டி5 முறையின் பலவீனத்தை வைத்துப் போலி அனுமதி வாங்க முடியும் என்பதை 2024 ஜூலையில் வெளியான ‘பிளாஸ்ட்ரேடியஸ்’ ஆய்வு காட்டியது. பொது இணையத்தில் ரேடியஸைத் திறந்துவைக்கவே கூடாது.

தனித்தனியாக எழுதினோம். மின்தடைக்குப் பின் சர்வர் எழ மறுக்கிறது.

எழுதிய முகவரி அந்த நேரத்தில் கணினியில் இல்லையென்றால் ஃப்ரீரேடியஸ் மொத்தமாக நின்றுவிடும். நெட்வொர்க் தயாரான பிறகே சேவை தொடங்கும்படி வையுங்கள். சோதனை முறையில் ஓட்டினால் எந்தப் பகுதியில் தடுக்கிறது என்று திரையிலேயே தெரியும்.

விடுதி ஆக்சஸ் பாயிண்ட்டுகளைத் தனியாகப் பதிய வேண்டுமா?

ஆம். கேள்வி வரும் முகவரியை வைத்தே சர்வர் அவற்றை அடையாளம் காண்கிறது. பதியாதவற்றுக்குப் பதிலே வராது. பதியும்போது விடுதிக்கு வேறு ரகசியச் சொல் கொடுங்கள்.