பார்வையற்ற கடைக்காரியை ஏமாற்றலாமா? 40 ஆண்டு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு மறுவாழ்வு

மூலிகைக் கடை. கடைக்காரி பார்வையற்றவள். வாங்க வந்தவனிடம் விலையைச் சொல்கிறாள். எத்தனை பொற்காசு கொடுப்பது என்பது அவன் இஷ்டம். குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக் கொள்வாள், சண்டைக்கு வரமாட்டாள்.

ஆனால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவனுடைய நேர்மைக் கணக்கில் சத்தம் இல்லாமல் குறைத்துக் கொள்கிறது!

1985-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான "அல்டிமா-4" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் காட்சி இது. விளையாடுகிறவரே கதாநாயகனாக வேடம் ஏற்று, ஊர் ஊராகச் சுற்றி, கண்ணில் படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, கதையை நடத்திச் செல்ல வேண்டும். "ரோல் பிளேயிங்" விளையாட்டு என்று இந்த வகைக்குப் பெயர்.

வில்லன் இல்லை

இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கேரியட். 1973-ல் "ஸ்கைலாப்" விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மகன்.

கேரியட் முன்பு எழுதிய விளையாட்டுகளில் ஜெயிக்க ஒரே வழி, கொடியவனைத் தேடிப் பிடித்துக் கொல்வதுதான். அதற்காக ஆட்டக்காரர்கள் கடைகளில் திருடினார்கள். ஒரு பாவமும் அறியாத ஊர் மக்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். இது அவருக்கு வந்த கடிதங்களில் இருந்து தெரிந்தது. கேரியட் யோசித்தார். நான்காவது விளையாட்டில் வில்லனையே எடுத்துவிட்டார்!

நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களிலும் தேற வேண்டும். பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால் கருணை ஏறும். போர்க்களத்தில் புறமுதுகு காட்டினால் வீரம் இறங்கும். கேட்ட கேள்விக்குத் தற்பெருமையாகப் பதில் சொன்னால் பணிவு போய்விடும். எட்டிலும் தேறியவனுக்குக் கிடைக்கும் பட்டம் "அவதார்". நம் நாட்டு "அவதாரம்" என்ற சொல்தான் அது.

துபாஷி வேலை

இந்த விளையாட்டு முதலில் எழுதப்பட்டது "ஆப்பிள்-2" கம்ப்யூட்டருக்காக. அந்தக் கம்ப்யூட்டர் உற்பத்தி 1993-ல் நின்றுவிட்டது. விளையாட்டைத் தாங்கி வந்த பிளாப்பி தகடுகளின் காந்தப் பூச்சும் நாளாக ஆகக் கெட்டுப் போகிறது. இயந்திரமும் இல்லை, தகடும் இல்லை. அப்புறம் விளையாட்டு எங்கே?

இங்கேதான் "எமுலேட்டர்" கைகொடுக்கிறது. பழைய இயந்திரத்தைப் போலவே நடந்து காட்டும்படி புதிய கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரும் புரோகிராம் இது. மொழி தெரியாத ஊரில் துபாஷி செய்கிற வேலைதான். பழைய விளையாட்டு தன் பாஷையில் கட்டளை இடுகிறது. எமுலேட்டர் அதைப் புதிய கம்ப்யூட்டருக்குப் புரியும் பாஷையில் சொல்கிறது. தான் வேறொரு இயந்திரத்தில் ஓடுகிறோம் என்பது விளையாட்டுக்குத் தெரியவே தெரியாது!

எம்.எஸ். டாஸ் காலத்து விளையாட்டுகளுக்காக "டாஸ்பாக்ஸ்" என்ற எமுலேட்டர் 2002-ல் வெளிவந்தது. அது இலவசம். 2011-ல் ஜி.ஓ.ஜி. என்ற விற்பனை நிறுவனம் அல்டிமா-4-ன் டாஸ் பதிப்பை, டாஸ்பாக்ஸையும் சேர்த்து, இலவசமாகவே வழங்கத் தொடங்கியது. இதற்கு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. ஆபீஸ்களில் கழித்துப் போடுகிற கம்ப்யூட்டரே போதும்.

நூற்றுக்கு 87

ஆனால் எல்லா விளையாட்டுகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று, "வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்" என்ற அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

எமுலேட்டர் எழுதுவது குற்றம் அல்ல. 2000-ம் ஆண்டு சோனி கம்பெனி தொடர்ந்த வழக்கில் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு எமுலேட்டர் தயாரித்த கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்தது. ஆனால் விளையாட்டைப் பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பது வேறு விஷயம். அங்கே காப்பிரைட் சட்டம் குறுக்கே நிற்கிறது.

கடையில் கிடைக்காத விளையாட்டுகளை, ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருந்த இடத்தில் இருந்தே பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று நூலகங்கள் தரப்பில் கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்க அரசு மறுத்துவிட்டது. அந்த விளையாட்டுகளைப் பார்க்க வேண்டுமானால் நூலகத்துக்கே நேரில் போக வேண்டும். விற்கவும் ஆள் இல்லை. இரவல் தரவும் வழி இல்லை. இப்படியே போனால் பல விளையாட்டுகள் பெயர் மட்டும் மிஞ்சி, உருத்தெரியாமல் போய்விடும்.

அதே கேள்வி

1985-ல் கல்லூரியில் படித்துக்கொண்டு இதை விளையாடியவர்களுக்கு இன்று அறுபது வயது ஆகிறது. பெட்டியோடு வந்த துணி வரைபடம் தொலைந்திருக்கும். தகடு மாற்றும்போது காத்திருந்த பொறுமையும் போயிருக்கும். ஆனால் எமுலேட்டரைத் திறந்தால் அதே ஊர், அதே கடை.

பார்வையற்ற அந்தப் பெண் இன்றும் விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். அன்று ஒற்றைக் காசைக் கொடுத்து நழுவியவர், இன்று எத்தனை காசு கொடுப்பார்?