தொழிற்பேட்டையில் சிசு பரிபாலனம்

கைத்தொழில் பெருகினாலன்றித் தேசத்தின் வறுமை ஒழியாதென்று நம் பெரியோர் நெடுங்காலம் கூறி வந்தனர். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியிலே இன்று ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. அங்குள்ள இரும்பாலைகளிலும், திருவள்ளூர் ஜில்லாவின் செங்கற் சூளைகளிலும், ஒடிஷா, பீஹார், ஜார்க்கண்ட் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்த தொழிலாளர் பாடுபடுகின்றனர். அவர்களிற் பலர் குடும்பத்துடன் வந்தவர்கள். அவர்தம் கைக்குழந்தைகளின் கதி யாது என்பதே இன்று நாம் விசாரிக்கும் விஷயம்.

பிறந்த சிசுவுக்கு முதல் மாதமே பெருங்கண்டம். உடல் சில்லிடுதல், பால் குடியாமை, மூச்சுத் திணறல் ஆகிய ஆபத்துக்களைத் தலைப்பிள்ளை பெற்ற தாய் அறிந்துகொள்ளுமுன் காலம் கடந்துவிடும். சொந்த ஊரிலிருந்தால் பாட்டியோ அத்தையோ உடனிருப்பர். ஆலையோரத்து ஒற்றையறையில் யார் இருக்கின்றனர்?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மஹாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவில் அபய் பங், ராணி பங் என்னும் டாக்டர் தம்பதிகள் கிராமப் பெண்களுக்கே பயிற்சியளித்து வீடுதோறும் அனுப்பினர். அதன் பயனாக, பிறந்த ஒரு மாதத்திற்குள் நேரும் சிசு மரணம், ஒப்புநோக்கிய மற்றக் கிராமங்களைவிட 62 சதவிகிதம் குறைந்ததென 1999இல் 'லான்செட்' பத்திரிகை வெளியிட்டது. ஜமைக்கா தீவிலே, வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் இரண்டு வருஷம் சென்று, குழந்தையுடன் பேசி விளையாடும் முறையைத் தாய்மார்க்குக் கற்பித்தனர். அக்குழந்தைகள் வளர்ந்து பெற்ற ஊதியம், அவ்வுதவி பெறாதாரின் ஊதியத்தைவிட 25 சதவிகிதம் அதிகமெனப் பின்னர்த் தெரிய வந்தது.

நம் தேசமும் இதனை ஏற்றிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டிற்கே சென்று பார்க்க வேண்டுமென்று 2011இல் இந்திய சர்க்கார் திட்டம் வகுத்தது. 2018இல் அது பதினைந்தாம் மாதம் வரை நீட்டப்பட்டது. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் இருக்கின்றனர். ஆனால், ஒரிடத்தில் பிறந்து இரண்டு மாதச் சிசுவாய்ச் சூளைக்கு வந்து சேரும் குழந்தை, செவிலியின் பதிவேட்டில் எளிதில் ஏறுவதில்லை. பகலில் செவிலி வந்தால் தாய் வேலைக்களத்தில் இருப்பாள். சந்தித்தாலும் பாஷை குறுக்கே நிற்கும்.

"அயலார்க்கு நாம் ஏன் செலவிட வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் கூலிகளாய்ச் சென்ற நம் மக்கள் பட்ட பாட்டை நினைப்போர் இக்கேள்வியைக் கேளார். மேலும், இது தயவைப் பொறுத்த விஷயமன்று, பாத்தியதை. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேரேனும் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பினர் கேட்டால், மூன்று மாதத்திற்குள் அதனை அமைத்துத் தர வேண்டுமென்று 2006 டிசம்பர் 13ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கேட்பதற்கு நாதியில்லையேல் உத்தரவு ஏட்டளவிலே நிற்கும்.

ஆகவே, அந்தக் கடமை தேசத் தொண்டர்களுடையது. ஆலையோரக் குடியிருப்புக்களிலும் சூளைகளிலும் சென்று, இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கணக்கெடுத்துச் செவிலியிடம் ஒப்படையுங்கள். ஹிந்தியோ ஒடியாவோ அறிந்த மாதொருத்தியைச் செவிலியுடன் அனுப்புங்கள். செவிலி வரும் நாளில் கூலி பிடிக்காமல் தாய்க்கு ஒரு மணி நேரம் விட வேண்டுமென்று முதலாளிகளிடம் வற்புறுத்துங்கள். நாற்பது குழந்தைகள் இருக்குமிடத்தில் அங்கன்வாடி கேட்டு மனு எழுதிக் கொடுங்கள். மேடையில் ஆயிரம் பேசுவதினும், ஒரு சிசு தன் முதலாண்டைக் கடக்க உதவுவது மேலான தேசத் தொண்டென்பது நமது அபிப்பிராயம்.