ஆஃபர் லெட்டர் வந்துட்டா வேலை கிடைச்சாச்சா?

ஐ.டி. கம்பெனிகள் ஆள் எடுக்கிற விதத்தையும், எடுத்த ஆளை வெளியே அனுப்புற விதத்தையும் பற்றித்தான் இந்த எபிசோடில் பேசப்போறோம். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவங்க, ஏற்கெனவே ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டு கம்பெனி பஸ் ஏறுறவங்க, ரெண்டு பேருமே கேளுங்க.

முதல்ல ஒரு விஷயம். ‘சென்னை ஐ.டி.’ன்னு நாம சொல்றதில் ஒரு பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கு. மாமல்லபுரம் நோக்கிப் போகிற ஓ.எம்.ஆரில் சிறுசேரி சிப்காட், அங்கே டி.சி.எஸ்ஸின் பெரிய வளாகம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பரனூர் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி, அங்கே இன்ஃபோசிஸ். அதனால இந்த ரெண்டு கம்பெனியைப் பற்றி வர்ற செய்தி எதுவும் நமக்கு வெளியூர்ச் செய்தி இல்லை.

கேம்பஸில் ஆள் எடுக்கும்போது, அடுத்த வருஷம் எவ்வளவு ப்ராஜெக்ட் வரும்னு கம்பெனி ஒரு கணக்குப் போடுது. அந்தக் கணக்கை நம்பித்தான் ஆஃபர் லெட்டர் கொடுக்குது. கணக்குத் தப்பினா நஷ்டம் யாருக்கு? கணக்குப் போட்டவங்களுக்குத்தானே வரணும்? பெரும்பாலும் அந்த லெட்டரை நம்பி உட்கார்ந்திருக்கிற ஃப்ரெஷருக்குத்தான் வருது.

உதாரணம் பாருங்க. 2022-ல் இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்தவங்களில் பலர் ஏறத்தாழ ரெண்டு வருஷம் காத்திருந்து 2024 அக்டோபரில்தான் வேலையில் சேர்ந்தாங்க. 2025 பிப்ரவரியில், மைசூரு பயிற்சி மையத்திலிருந்து அப்படிச் சேர்ந்தவங்களில் 300-க்கும் மேற்பட்டவங்களைக் கம்பெனி வெளியே அனுப்பியது. மூணு வாய்ப்பு கொடுத்தும் உள்தேர்வில் தேறல, இது ஒப்பந்தத்திலேயே இருக்குன்னு கம்பெனி சொன்னது. அது சரின்னே வெச்சுக்குவோம். ஆனா காத்திருந்த ரெண்டு வருஷத்துக்கு யார் பொறுப்பு? அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒண்ணும் இருக்காது.

உள்ளே போனப்புறமும் இதே கதைதான். 2025 ஜூனில் டி.சி.எஸ். ஒரு விதி கொண்டுவந்தது: வருஷத்தில் 225 நாள் ப்ராஜெக்டில் இருக்கணும், பென்ச்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ப்ராஜெக்ட் பிடிச்சுட்டு வர்றது யாரோட வேலை? கம்பெனியோடது. கிடைக்காம போனா குற்றம் மட்டும் ஊழியர் கணக்கில் ஏறுது. அதுக்கடுத்த மாதமே, மொத்த ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போறதா டி.சி.எஸ். அறிவிச்சது.

இந்தச் சூழ்நிலைதான் ஆபீஸ் கலாச்சாரத்தைக் கெடுக்குது. ‘நம்ம பேர் லிஸ்ட்ல இருக்குமோ’ங்கிற பயம் வந்துட்டா, லீவு கேட்க வாய் வராது. ராத்திரி பத்து மணி காலை எடுக்காம இருக்க முடியாது. பக்கத்து சீட்டுக்காரரே போட்டியாளரா தெரிவார்.

கடைசியா ஹெச்.ஆர். கூப்பிட்டு, ‘நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, அனுபவச் சான்றிதழ் சுத்தமா இருக்கும்’னு சொல்வாங்க. இங்கேதான் கவனமா இருக்கணும். நீங்களா ராஜினாமா கொடுத்தா சட்டப்படி அது ஆட்குறைப்பே இல்லை. ஆட்குறைப்புன்னா, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம் கொடுக்கணும். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் இழப்பீடா தரணும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் இருக்கு.

‘நாங்க இன்ஜினீயர், தொழிலாளி இல்லையே’ன்னு தோணலாம். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம்னு தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திடுச்சு. அதுக்கு முன்னாடி, 2015 ஜனவரியில், டி.சி.எஸ். வேலையை விட்டு நீக்கிய கர்ப்பிணி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார். கம்பெனி அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. அதே காலத்தில் நீக்கப்பட்ட இன்னொருவர் தொழிலாளர் நீதிமன்றம் போனார். அவர் மேலாளர் நிலையில் இருந்தவர்னு கம்பெனி வாதாடியது. நீதிமன்றம் பதவிப் பெயரை விட்டுட்டு அவர் உண்மையில் என்ன வேலை பார்த்தார்னு பார்த்து, அவர் தொழிலாளிதான்னு சொல்லி, சம்பளத்தோடு மறுபடி வேலையில் சேர்க்க 2022-ல் உத்தரவிட்டது. ஏழு வருஷம் ஆச்சு. எல்லாராலும் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியாது, ஒத்துக்கறேன்.

ஆனா இதையாவது செய்யலாம். ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி தெளிவா இருக்கான்னு பாருங்க. பயிற்சித் தேர்வு, பாண்ட் பற்றிய வரிகளைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. சேர்ற வரைக்கும் மற்ற இன்டர்வியூக்களை விடாதீங்க. அப்ரைசல் மெயில்களையும் சம்பள ஸ்லிப்புகளையும் பத்திரப்படுத்துங்க. ரிசைன் பண்ணச் சொன்னா அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாம, ‘எழுத்தில் கொடுங்க, யோசிச்சுச் சொல்றேன்’னு எழுந்து வாங்க. பிறகு தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ பேசுங்க.

இந்த வருஷம் கேம்பஸில் உட்காரப்போற ஒரு தம்பி தங்கச்சிக்காவது இதை அனுப்பி வைங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.